செயின்சா வாங்க வருபவருக்குக் கால்கவசம்: எதை விற்பது, எங்கே தைக்கலாம், எங்கே ஊசி படக் கூடாது

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர், பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னைத் தெருக்களில் நிழல் மரங்களைக் கிடத்தியது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி, குமரி மாவட்டத்து ரப்பரிலும் வாழையிலும் கை வைத்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா வந்து தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைப் பாயாக விரித்துவிட்டுப் போனது. இந்த ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் நம் ஹார்டுவேர் கடைகளின் வாசலுக்குச் செயின்சா தேடி ஆள் வந்தது. அரிவாளும் கோடரியும் கொண்டு மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை வாரத்தில் முடித்துக் கொடுத்த மெஷின் அது. அதன் பிறகு புயல் இல்லாத காலத்திலும் அந்த வியாபாரம் நின்றுவிடவில்லை. சவுக்கு வெட்டு, தைலமர வெட்டு, எஸ்டேட்டில் சில்வர் ஓக் கிளை கழிப்பது, காய்ப்பு நின்ற தென்னையை எடுப்பது என்று ஆண்டு முழுவதும் அதற்கு வேலை இருக்கிறது.

மெஷின் போகிறது. அதன் பின்னே செயின், பார், அரம், டூ-டி ஆயில் எல்லாம் போகின்றன. போகாமல் கிடப்பது ஒன்றே ஒன்று, கால்கவசம். பல கடைகளில் அது இருப்பிலேயே இல்லை. இருக்கும் கடைகளிலும் மேல்தட்டில் பாலிதீன் பை பிரிக்காமல் தூசி ஏறிக் கிடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கேட்டால், 'முதல் முடங்கிப் போச்சு' என்பார்கள். அதை விற்கவும் முடியும், முறையாக விற்கவும் வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. முறையாக என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கவசம் வாங்கிப் போனவர் அதை நேரே தையற்காரரிடம் கொடுத்துத் தம் வசதிக்குத் தைத்துக்கொண்டால், அவர் காலில் இருப்பது கவசம் அல்ல, கனமான ஒரு பேண்ட் மட்டுமே.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"ஏனுங்ணா, காலு ரொம்ப நீளமா இருக்குதுங்க. டைலர்கிட்டக் குடுத்து ஒரு நாலு இஞ்ச் வெட்டிக்கலாமுங்களா?"

"உங்க பேண்ட்டு, உங்க காலு. வெட்டிக்குங்க தம்பி, யாரு கேக்கறா."

கடைக்காரர் தாராள மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் சொல்லக் கூடாத பதில் அது. ஏன் என்பது, கவசம் வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் புரியும்.

தடுப்பதில்லை, சிக்க வைக்கிறது

கவசம் என்றதும் நம் மனதில் தோன்றுவது கேடயம். கத்தி பட்டால் கேடயம் தாங்கும், ஆகவே தடிமனாக இருந்தால் நல்லது என்று எண்ணுகிறோம். செயின்சாவுக்கு முன்னால் இந்தக் கணக்கு செல்லாது. முழு வேகத்தில் ஓடும் செயின் கேன்வாஸ், ஜீன்ஸ், தோல் எதையும் ஒரு நொடிக்குள் தாண்டிச் சதைக்குப் போய்விடும். வெல்டிங் பட்டறைக்கு விற்கும் தோல் ஏப்ரனைச் சிலர் இதற்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். அது தீப்பொறிக்கு ஆனது, செயினுக்கு ஆகாது.

செயின்சா கவசத்தின் சூத்திரமே வேறு. வேட்டி கட்டிச் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வேட்டி முனை செயினில் மாட்டினால் என்ன ஆகிறது? துணி சுருண்டு பல்சக்கரத்துக்குள் போகிறது, சக்கரம் இறுகுகிறது, வண்டி நின்றுவிடுகிறது. கால்கவசத்தில் நடப்பதும் அதுதான். மேல்துணிக்கும் உள் லைனிங்குக்கும் நடுவே பல அடுக்குகளாக நீள நீளமான நார் தளர்வாகப் பரப்பப்பட்டிருக்கிறது. பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன், அராமிட் போன்ற உறுதியான செயற்கை நார்கள் இவை. செயின் மேல்துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும்போது அதன் பற்கள் இந்த நாரைக் கொத்தாக இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. நார் போய்ப் பல்சக்கரத்தில் சுற்றி அடைத்துக்கொள்கிறது, செயின் நின்றுவிடுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிகிறது. கைலியும் பருத்திப் பேண்ட்டும் இதைச் செய்யாததற்குக் காரணம், பருத்தி நார் குட்டையானது. பல் அதை அறுத்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆக, இந்தச் சரக்கின் உயிர் அந்த நார்மெத்தையில் இருக்கிறது. நார் இழுத்த இழுப்புக்கு வர வேண்டும். அது கட்டுப்படாமல், ஒட்டாமல், உருகாமல் இருக்க வேண்டும். தையல் மெஷினில் அதன் மேல் ஒரு கோடு ஓட்டினால், அந்தக் கோடு நெடுக நார் கட்டிப்போட்டது போல ஆகிவிடும். பல் வந்து மாட்டும்போது நார் ஓடி வராது, அங்கேயே அறுபடும். கத்தரிக்கோலால் கீழே நாலு இஞ்ச் வெட்டினாலும் இதே கதிதான். நீள நார் துண்டு நாராகிவிடுகிறது. வெட்டிய விளிம்பை மடித்து அடிக்கும் தையலும் அதோடு சேர்ந்துகொள்கிறது. வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது. அதுதான் ஆபத்து.

லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும்

மொத்த வியாபாரியிடம் கொள்முதல் செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது இடுப்புப் பட்டியின் உள்ளே தைத்திருக்கும் லேபிள். ஐரோப்பிய முறைப்படி செய்த சரக்கானால், கேடயத்துக்குள் செயின்சா படம் ஒன்று இருக்கும். அருகே தர எண் இருக்கும். பழைய சரக்கில் இ.என். 381-5 என்றும், 2019-க்குப் பிறகு வந்ததில் இ.என். ஐ.எஸ்.ஓ. 11393-2 என்றும் காணலாம். சி.இ. முத்திரை, சைஸ், சலவைக் குறிகள் எல்லாம் அதே இடத்தில்தான். அமெரிக்கச் சரக்கில் எஃப் 1897 என்ற ஏ.எஸ்.டி.எம். எண் வரும். படமும் எண்ணும் இல்லாமல், 'செயின்சா பேண்ட்' என்று அட்டைப்பெட்டியில் மட்டும் அச்சடித்து வருவதை, விலை எவ்வளவு இறக்கிக் கொடுத்தாலும் நாங்கள் வாங்கச் சொல்ல மாட்டோம். மொத்த வியாபாரியிடம் சோதனைச் சான்றிதழ் நகல் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டவுடன் தருபவரிடம் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, வகுப்பு. சோதனைச் சாலையில் செயின் எவ்வளவு வேகத்தில் ஓடும்போது இந்தத் துணி நிறுத்தியது என்பதை வகுப்பு சொல்கிறது. 0 வகுப்புக்கு வினாடிக்கு 16 மீட்டர், 1-க்கு 20, 2-க்கு 24, 3-க்கு 28.

வாடிக்கையாளர், 'என் மெஷின் வேகம் என்ன?' என்று கேட்டால் கல்லாவிலேயே கணக்குப் போட்டுச் சொல்லலாம். செயினில் அடுத்தடுத்து மூன்று ரிவெட் எடுத்து, முதலுக்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தில் பாதிதான் பிட்ச். பெரிய மெஷின்களில் இது பெரும்பாலும் முக்காலே அரைக்கால் இஞ்சில் பாதிக்கும் குறைவு; அதாவது எட்டில் மூன்று இஞ்ச், ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர். பல்சக்கரத்தில் 7 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 14 பிட்ச் நகரும். அது 133 மில்லிமீட்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் செயின் நிமிடத்தில் 1,330 மீட்டர் ஓடுகிறது. வினாடிக்கு 22 மீட்டர். 6 பல் சக்கரமானால் 19 மீட்டர். மரத்தில் அழுத்தாமல் வெறுமனே முழு ஆக்சிலேட்டர் கொடுத்து 13,000 சுற்றுக்குப் போகும் மெஷினில் 29 மீட்டரையும் தொட்டுவிடும்.

இதைப் பார்த்ததும், 'அப்படியானால் எல்லாருக்கும் 3-ஆம் வகுப்பே கொடுத்துவிடலாமே' என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். வகுப்பு ஏற ஏற நார் அடுக்கு கூடுகிறது, எடை கூடுகிறது, சூடு கூடுகிறது. சித்திரை வெயிலில் தோப்புக்குள் நிற்பவர் அரை மணியில் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு வேலையைத் தொடர்வார். கிளையில் தொங்கும் 3-ஆம் வகுப்பைவிட, காலில் இருக்கும் 1-ஆம் வகுப்பு எவ்வளவோ மேல். நம் ஊர் வேலைக்கு, நடுத்தர மெஷின் வைத்திருப்பவருக்கு 1-ஆம் வகுப்பைக் காட்டுங்கள் என்பதே எங்கள் எண்ணம். பெரிய மெஷினோடு நாள் முழுவதும் அடிமரம் அறுப்பவர் 2-ஐக் கேட்கலாம். எந்த வகுப்பும் 'வெட்டுப்படவே படாது' என்ற உறுதி அல்ல. மெஷின் படும் கோணம், செயினின் கூர்மை, விரல் ஆக்சிலேட்டரில் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் முடிவு. இதை வாய் திறந்து சொல்லியே விற்க வேண்டும்.

பேட்டரி மெஷின் வாங்குகிறவருக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் வேகம் குறைந்தால் திணறும், கிளட்ச் விட்டுவிடும்; நார் அடைத்தால் நின்றுபோகும். மின்மோட்டார் அப்படியல்ல, மெல்லச் சுற்றும்போதும் முழு இழுவையைக் கொடுக்கும். அதனால் நாரை அறுத்துக்கொண்டு மேலும் இழுக்கக் கூடும். சத்தமில்லாத மெஷின், சாதுவான மெஷின் என்ற நினைப்போடு வாங்குபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

முன்பக்கமா, சுற்றிலுமா?

லேபிளில் ஏ, பி, சி என்று ஒரு எழுத்தும் இருக்கும். ஏ என்றால் காலின் முன்பாதியில் மட்டும் நார்மெத்தை. கூடவே இடது காலின் வெளிப்பக்கத்திலும் வலது காலின் உட்பக்கத்திலும் 5 சென்டிமீட்டர் சுற்றி வரும். சி என்றால் கால் முழுவதும் சுற்றிலும். பி இரண்டுக்கும் நடுவே ஒரு ரகம், கடைச் சரக்கில் அபூர்வம்.

அந்த 5 சென்டிமீட்டர் ஏன் இடது பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று கேட்கலாம். செயின்சாவில் இடக்கை ஆளுக்கு என்று தனி மாடல் கிடையாது. இடது கை முன்பிடியில், வலது கை ஆக்சிலேட்டரில் என்பதே எல்லாருக்கும் உள்ள பிடி. அறுப்பு முடிந்து மெஷின் கீழே இறங்கும்போது அது தேடிப் போவது இடது தொடையையும் முழங்காலையும். காலில் படும் காயங்களில் இடது காலே அதிகம் அடிபடுவது இதனால்தான்.

தரையில் நின்று மரம் அறுக்கும் தொழில்காரருக்கு ஏ வகை போதும். பின்பக்கம் காற்றோட்டம் இருப்பதால் வெயிலுக்கும் தாங்கும். மரத்தின் மேல் ஏறிக் கயிற்றில் தொங்கியபடி வெட்டுபவருக்கும், மெஷினை ஆண்டில் நாலு நாள் மட்டும் எடுக்கும் தோட்டக்காரருக்கும் சி வகை. மேலே நிற்பவருக்கு மெஷின் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. பழக்கமில்லாதவருக்கோ தரையிலும் அப்படித்தான்.

பேண்ட்டாக இல்லாமல், உடுத்தியிருக்கும் பேண்ட்டின் மேல் கட்டிக்கொள்ளும் கவசமும் உண்டு. சாப்ஸ் என்று பெட்டியில் எழுதியிருக்கும். இடுப்பில் ஒரு பட்டை, கால்களின் பின்புறம் கொக்கி வைத்த வார்கள். நம் ஊருக்கு இது கொஞ்சம் பொருந்தி வருகிறது. வேலை நேரத்தில் கட்டி, டீ குடிக்கப் போகையில் கழற்றலாம். ஒரே கவசம் இரண்டு ஆட்களுக்கு ஆகும். மெஷினை நாள்வாடகைக்கு விடும் கடைக்காரர்கள் மெஷினோடு இதையும் சேர்த்தே கொடுப்பது நல்லது. வார்களைத் தளர்த்தி இறுக்கிக்கொள்ளலாம் என்பதால் நாலைந்து சைஸ் வாங்கி வைக்கும் தொல்லை இல்லை. குறையும் உண்டு. வார்களைச் சரியாகப் போடாவிட்டால் கவசம் காலைச் சுற்றித் திரும்பிவிடும். மரமேறும் வேலையில் அந்த வார்கள் கிளையில் மாட்டும். அங்கே அது வேண்டாம். கைலியின் மேல் இதைக் கட்ட முடியாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஹார்டுவேர் கடைகளில் ஒரு குழப்பம் எங்கும் இருக்கிறது. புல் வெட்டும் மெஷினுக்கு விற்கும் முழங்கால்-கணுக்கால் பிளாஸ்டிக் கவசத்தைச் செயின்சாவுக்கும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது தெறிக்கும் கல்லுக்கும் நைலான் கயிற்றுக்கும் ஆனது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கடைப் பையனுக்கு அவசரத்தில் வித்தியாசம் தெரியாது.

நிற்க வைத்து அளக்காதீர்கள்

'நீளமா இருக்குது' என்ற புகாருக்கு மீண்டும் வருவோம். வாங்குபவர் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்க்கிறார். பேண்ட் கணுக்காலில் மடிந்து கிடக்கிறது. வெட்டத் தோன்றுகிறது. அவரைக் கடையிலேயே குந்தி உட்காரச் சொல்லுங்கள். விழுந்த மரத்தைத் துண்டு போடும்போது நம் ஆட்கள் அப்படித்தானே உட்காருகிறார்கள்? குந்தியதும் பேண்ட் நாலு விரற்கடை மேலேறும். அப்போதும் அதன் விளிம்பு பூட்ஸின் வாயை மூடியிருந்தால் நீளம் சரி. நிற்கையில் அதிகமாகத் தெரிந்தது உண்மையில் தேவையான நீளமே என்பதை அவரே கண்டுகொள்வார். தையற்காரர் பேச்சு அதோடு முடியும்.

பெரும்பாலான புகார் நீளத்தால் வருவதே இல்லை, இடுப்பால் வருகிறது. வெளிநாட்டு அளவில் வந்த பேண்ட் நம் ஒல்லி ஆட்களுக்கு இடுப்பில் நிற்பதில்லை. உள்ளே கனமான மெத்தை வேறு. வேலை செய்யச் செய்யக் கீழே இறங்கும். இடுப்பு மூன்று இஞ்ச் இறங்கினால் கீழே மூன்று இஞ்ச் நீளம் கூடுகிறது. முழங்காலுக்கு வைத்த வளைவு கெண்டைக்காலுக்குப் போய்விடுகிறது. இதற்கு மருந்து கத்தரிக்கோல் இல்லை, தோள்வார். முதுகில் குறுக்காகப் போய்த் தோளில் மாட்டும் அகலமான வார்ப்பட்டை. எடை தோளுக்குப் போய்விடுவதால் இடுப்பை இறுக்க வேண்டியதில்லை, காற்றும் புகும். கவசப் பேண்ட் ஒவ்வொன்றோடும் ஒரு ஜோடித் தோள்வாரைப் போட்டு விற்கும் கடைக்கு மாற்று வாங்க ஆள் திரும்பி வருவது குறையும்.

அளவு எடுக்கையில் வாடிக்கையாளர் கைலி கட்டும் இடத்தில் இஞ்ச் டேப்பைச் சுற்றாதீர்கள். தொப்புள் உயரத்தில், சட்டையின் மேல் சுற்றுங்கள். உட்கால் நீளத்தை வேலைக்குப் போடும் பூட்ஸோடு எடுங்கள். செருப்போடு வருபவரிடம் பூட்ஸ் விற்கும் சந்தர்ப்பமும் அதுவே. கவசம் முடியும் இடத்தில் பாதம் வெறுமனே இருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

எங்கே ஊசி படலாம்?

மாற்றமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தம் உடம்புக்கும் தொழிலுக்கும் ஏற்றபடி அமைத்துக்கொண்ட உடையைத்தான் ஆள் தொடர்ந்து போடுவான். எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்ற எல்லை தெரிந்தால் போதும்.

ஏ வகைப் பேண்ட்டைக் கையில் எடுத்து விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். மெத்தை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது விரலுக்குத் தெரியும். கீழே விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் தொடங்கி, மேலே கவட்டுக்கு மேல் 20 சென்டிமீட்டர் வரையாவது போகும். முன்பக்கம் முழுவதும் அதுவே. அந்த எல்லைக்குள் ஊசி, ஆணிப் பொத்தான், பசை, சூட்டுப் பெட்டி எதுவும் படக் கூடாது. பின்பக்கம் வெறும் துணி. இடுப்புப் பட்டியில் தோள்வாருக்குப் பொத்தான் வைப்பது, பின்புறம் அரமும் ஸ்பேனரும் வைக்க ஒரு பை தைப்பது, பெல்ட் மாட்ட வளையம் கூட்டுவது போன்ற வேலைகளை அங்கே செய்யலாம். அதிலும் தயாரிப்பாளர் தரும் குறிப்புத் தாளில் தடை இல்லாதபோது மட்டும். மரத்தில் அடிக்கும் ஆப்பு வைக்கத் தொடையில் பை கேட்பார்கள். தொடை மெத்தையின் இடம். ஆப்புப் பையைத் தனி பெல்ட்டில் கோத்து விற்றுவிடுங்கள். முழங்காலுக்கு ரப்பர் பேட் கேட்டால், மேலே வாரால் கட்டிக்கொள்ளும் ரகத்தைக் காட்டுங்கள்.

சி வகையில் இந்தச் சலுகை மிகக் குறைவு. சுற்றிலும் மெத்தை, இடுப்புப் பட்டியைத் தவிர வேறெங்கும் ஊசி வேண்டாம்.

கால் உண்மையாகவே நீளமாக இருந்தால், ஒரே இடுப்பு அளவில் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்று கால் நீளங்களில் செய்பவர்கள் இருக்கிறார்கள். அளவுச் சீட்டு எழுதி, முன்பணம் வாங்கி, ஆர்டர் போட்டு வரவழைத்துக் கொடுங்கள். பத்து நாள் காத்திருப்பது மேல். இப்படி ஆர்டரில் வரவழைத்தால் 'முதல் முடங்கும்' என்ற பயமும் பாதி தீர்ந்துவிடும். கட்டுக் கவசத்தில் இரண்டு நீளம் மட்டும் கையிருப்பில் வைத்துக்கொண்டு, பேண்ட்டை ஆர்டரில் தருவதே சிறு கடைகளுக்கு ஏற்ற வழி.

நம்மவர்களுக்கே உரிய ஓர் ஆசை, கடைப் பெயரை அச்சடிப்பது. மஞ்சள் பையில் ஆரம்பித்துக் காலண்டர் வரை நாம் பெயர் போடாத இடமில்லை. ஒப்பந்ததாரர்களும் தம் கம்பெனிப் பெயரைத் தொடையில் எம்பிராய்டரி செய்து தரக் கேட்கிறார்கள். எம்பிராய்டரி என்பது ஒரே இடத்தில் ஆயிரம் தையல். சூட்டில் ஒட்டும் அச்சு அதைவிட மோசம். உள்ளே நார் உருகி ஒட்டிக்கொள்ளும். பெயர் போட வேண்டுமானால் தோள்வாரில் போடுங்கள். அங்கே கண்ணுக்கு எடுப்பாகவும் தெரியும்.

மாற்றிக் கொடுத்தால் பொறுப்பு யாருக்கு?

இது தொழில் பக்குவம் மட்டுமல்ல, சட்ட விஷயமும்கூட. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 86-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளர் எப்போது பொருளால் நேரும் தீங்குக்குப் பொறுப்பாவார் என்று வரிசைப்படுத்துகிறது. அவற்றில் இரண்டு நமக்கு நேராகவே பொருந்தும். ஒன்று, விற்பவர் பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமாக இருந்தால். இன்னொன்று, தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் உபயோகக் குறிப்பையும் விற்கும்போது வாங்குபவரிடம் சேர்ப்பிக்கத் தவறினால். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத சரக்கை விற்றாலும் பொறுப்பு விற்றவர் தலையில் விழும் என்று அதே பிரிவு சொல்கிறது. லேபிள் இல்லாத சரக்கு வேண்டாம் என்று முன்னே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே 'எங்க டைலரே பக்கத்துல இருக்கார், நாங்களே வெட்டித் தர்றோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரைப் பிடிக்கும் நல்லெண்ணம்தான். ஆனாலும் அந்த ஒரு சேவை வேண்டாம். வாங்கியவர் தாமே கொண்டுபோய் வெட்டிக்கொண்டால், 87-ஆவது பிரிவின்படி அவர் விற்றவர் மேல் வழக்குக்குப் போக முடியாது. அதனால் நமக்கு ஆறுதல். அவர் காலுக்கு ஆறுதல் இல்லை. உள்ளே வரும் குறிப்புத் தாள் பெரும்பாலும் பல அந்நிய மொழிகளில் இருக்கும், தமிழ் இருக்காது. அதன் சாரத்தை அரைப்பக்கத் தமிழில் அச்சடித்துப் பில்லோடு பின் அடித்துக் கொடுங்கள். ஆயிரம் தாள் அடிக்க ஆகும் செலவு ஒரு மெஷின் லாபத்தில் தூசு.

சலவையும் கழிவும்

அந்தத் தாளில் என்ன எழுதுவது? சலவைதான் முக்கியம். எண்ணெயும் மரப்பாலும் ஊறிய நார் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நார் ஓடி வராது. ஆகவே அழுக்கானால் துவைத்தே ஆக வேண்டும். லேபிளில் சொன்ன சூட்டுக்கு மேற்படாத தண்ணீர், சாதாரண சோப்புத்தூள். பிளீச்சிங், பெட்ரோல், மண்ணெண்ணெய் கூடாது. துவைகல்லில் அறைந்து துவைப்பது, முறுக்கிப் பிழிவது, இஸ்திரி போடுவது கூடாது. நிழலில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். உச்சி வெயில் நாரை நாளடைவில் நலிவாக்கும். உலர்ந்ததும் விரலால் தடவிப் பார்த்து, மெத்தை எங்காவது உருண்டை கட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

முள்ளோ கம்பியோ பட்டு மேல்துணி மட்டும் கிழிந்திருந்தால், உள்ளே நாரைத் தொடாமல் மேல்துணியை மட்டும் விரலால் தூக்கிப் பிடித்துக் கையால் ஒட்டுப் போடலாம். செயின் ஒரு தடவை உள்ளே போய் நாரை இழுத்துவிட்டதென்றால் அந்தக் கவசத்தின் ஆயுள் முடிந்தது. 'ஒரே கோடுதானே, தைச்சுப் போட்டுக்கறேன்' என்று கொண்டுவருவார்கள். மற்ற கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றும் வாதாடுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். வேண்டுமானால் அந்தப் பழையதைக் கடையில் விட்டுவிட்டுப் புதியதில் கொஞ்சம் தள்ளுபடி பெற்றுப் போகட்டும்.

அந்தப் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். வெட்டுப்பட்ட இடத்தைக் கத்தரித்துப் பிரித்து, நார் எப்படிக் கொத்தாக வெளியே வந்து கிடக்கிறது என்பது தெரியும்படி கண்ணாடி அலமாரியில் செயின்சா பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும் பாலிதீன் பை விற்காத சரக்கை அது விற்றுக் கொடுக்கும். வாடிக்கையாளர் அந்த நாரைக் கையால் இழுத்துப் பார்க்கட்டும். மெஷினை ஓடவிட்டுச் செய்து காட்டும் வித்தை மட்டும் கடையில் கூடவே கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. புயல் விழுந்த மறுநாள் ஆர்டர் போட்டால் சரக்கு மரமெல்லாம் அறுத்து முடிந்த பிறகே வந்து சேரும். கட்டுக் கவசத்தையும் தோள்வாரையும் ஆவணியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.